பத்து வினாடி நின்ற மாலை

திரையில் ஒரு ஜமக்காளம் ஓடியது. சிவப்பில் நீலக் கோடு. அதன் ஓரத்தில் யாருடையதோ ஒற்றை ஹவாய் செருப்பு. பிறகு படம் கறுத்துவிட்டது. மறுபடி வெளிச்சம் வந்தபோது பெண்ணும் மாப்பிள்ளையும் கழுத்தில் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கைதட்டிக்கொண்டிருந்தது.

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கல்யாணம் நடந்திருந்தது.

நான் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி பார்த்தேன். ஜமக்காளம், செருப்பு, கறுப்பு, கைதட்டல். மூன்றாம் முறையும் அதே செருப்புதான்.

அந்த ஸ்டூடியோவை விட்டு நான் ஏன் வெளியே வந்தேன் என்று இந்தத் தொடரைப் படிக்கிற சிலர் கேட்டிருந்தார்கள். ஏன் துரத்தினார்கள் என்றே கேட்கலாம், எனக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை. காரணம் இந்தச் செருப்புதான்.

மேளம் அடிக்கவில்லை

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் அல்சூரில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. கல்யாண வீடியோதான் தொழில். எடுப்பவர் பிரான்சிஸ். எடுத்ததைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுபவள் நான். இரண்டு பேரையும் திட்டுபவர் முதலாளி தேவராஜ் அண்ணன். கீழே தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் வேகும்போது அந்த மணம் படியேறி வந்து எங்கள் அறையில் உட்கார்ந்துகொள்ளும். இன்றைக்கும் எந்த பேக்கரியைத் தாண்டினாலும் என் விரல் கீபோர்டின் அம்புக்குறிப் பொத்தானைத் தேடுகிறது.

கல்யாணப் பெண் யசோதரா. மர்பி டவுனில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி அவள் வீடு. ஓசூர் ரோட்டில் ஒரு கார்மெண்ட்ஸில் சட்டைக்குக் காலர் தைக்கிறவள். அவர்களுடையது பௌத்தக் குடும்பம். மாப்பிள்ளை மோகன் சந்தாபுராக்காரன், சாமி கும்பிடுகிற குடும்பம். இரண்டு பேரும் தாங்களாகவே பார்த்துப் பிடித்துப் பேசிக்கொண்டவர்கள்.

யசோதரா ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். தாலி கட்டிக்கொள்ள மாட்டேன். புத்தர் படத்துக்கு முன்னால் இரண்டு பேரும் உறுதிமொழி சொல்ல வேண்டும், பிறகு முதலில் அவள் மாலை போட வேண்டும், அப்புறம் அவன். அவ்வளவுதான் கல்யாணம்.

மோகன் சரி என்றுவிட்டான். அவன் வீட்டில்தான் எட்டு மாதம் இழுபறி. அப்பா இல்லாத பையன். வீட்டுக்குப் பெரியவர் அவனுடைய பெரியப்பா. தாலி இல்லாமல் அது என்ன கல்யாணம் என்று சந்தாபுரா சொந்தக்காரர்களில் பாதிப் பேர் வரவே இல்லை. பெரியப்பா மட்டும் வந்து, முதல் வரிசையில், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். கேசட்டில் அவர் முகத்தை நிறையப் பார்த்தேன். பல் வலிக்காரர் போல இருந்தார்.

பிரான்சிஸைக் கூப்பிட்டுச் செருப்பைக் காட்டினேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். எத்தனையோ கல்யாணம் எடுத்தவர், சோம்பேறியும் இல்லை. நடந்தது இதுதான். நம் ஊர்க் கல்யாணங்களில் மாலை மாற்றுவது முதலில், தாலி அப்புறம். யசோதரா மாலையைக் கையில் வாங்கியதைப் பார்த்ததும், இன்னும் நேரம் இருக்கிறது, தாலிக்கு முன்னால் புதுக் கேசட் போட்டுவிடலாம் என்று நினைத்துக் கேமராவைத் தோளிலிருந்து இறக்கியிருக்கிறார். பையில் கேசட்டைத் தேடி எடுத்துப் போட்டு நிமிர்ந்தால் ஜனங்கள் பூப் போட்டு முடித்துவிட்டார்கள்.

"கெட்டிமேளம் வரும்னு நின்னுகினே இருந்தேன் செல்வி. மேளமே அடிக்கல. நான் இன்னா பண்றது?" என்றார்.

தாலி கிடையாது என்று அவருக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். காது கேட்டிருக்கிறது, கைதான் கேட்கவில்லை.

மூன்றாம் முடிச்சு

இங்கே ஃப்ரீஸ் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓடுகிற படம் சட்டென்று நின்று, ஒரே காட்சி அப்படியே இருக்குமே, அதுதான். அந்தக் காலத்தில் ஃப்ரீஸ் இல்லாத கல்யாண கேசட்டை யாரும் வாங்க மாட்டார்கள். மூன்றாவது முடிச்சில் படம் நிற்க வேண்டும். சுற்றி இதய வடிவில் ஒரு கட்டம் வர வேண்டும். ரோஜா இதழ் கொட்ட வேண்டும். கீழே 'திருமாங்கல்ய தாரணம்' என்று எழுத்து மின்ன வேண்டும். அந்த எழுத்துக்காகத்தான் என்னை வேலைக்கே எடுத்தார்கள். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும். மற்றதையெல்லாம் திட்டு வாங்கியே கற்றுக்கொண்டேன்.

முதலில் மிக்ஸர் மெஷின் காலம். அதில் ஃப்ரீஸ் என்று ஒரு பொத்தான். கேசட் ஓடிக்கொண்டிருக்கும்போதே சரியான இடத்தில் குத்த வேண்டும். கொஞ்சம் முந்தினால் மாப்பிள்ளை வாயைப் பிளந்தபடி நிற்பார். பிந்தினால் யாரோ ஒரு அத்தையின் முதுகு நிற்கும். நான் குத்தியதில் நிறைய முதுகுகள் உண்டு.

கம்ப்யூட்டர் வந்த பிறகு அந்தப் பயம் போய்விட்டது. வினாடிக்கு இருபத்தைந்து படம். அம்புக்குறியை அழுத்தினால் ஒவ்வொன்றாக நகரும். எது வேண்டுமோ அதைத் தனிப் படமாக எடுத்து, வரிசையில் அந்த இடத்திலேயே திரும்ப வைத்து, எத்தனை வினாடி வேண்டுமோ அவ்வளவு இழுத்துவிடலாம். கையில் பொறுமை இருந்தால் போதும். என் நாக்குக்குக் கிடையாது, விரலுக்கு இருந்தது.

இன்னொருத்தி கழுத்து

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் ஏதோ பிறந்ததிலிருந்தே வீராங்கனை என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஒரு கல்யாணத்தில், முகூர்த்த நேரம் பார்த்து கேமராவின் பேட்டரி செத்துவிட்டது. தாலி கட்டிய காட்சி இல்லை. தேவராஜ் அண்ணன் துளியும் பதறவில்லை. வேறொரு கல்யாணத்தின் கேசட்டை எடுத்துக் கொடுத்தார். மஞ்சள் கயிறு, இரண்டு கை, ஒரு கழுத்து, முகம் தெரியாத நெருக்கமான காட்சி. அதை வெட்டி இதில் ஒட்டச் சொன்னார். எல்லாக் கழுத்தும் ஒன்றுதான் என்றார்.

ஒட்டினேன். இதயம் போட்டேன், ரோஜா கொட்டினேன். அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் அறையிலேயே அதைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, அதையும் மறைக்கவில்லை.

ஒரு வருஷம் கழித்து அந்தப் பெண் இன்னொரு பிரதி வாங்க வந்தாள். கேசட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போகும்போது மெதுவாகச் சொன்னாள்.

"அது என் கழுத்து இல்லக்கா. பார்த்த அன்னைக்கே தெரியும். அம்மாகிட்ட சொல்லல, அவ்ளோ சந்தோஷப்பட்டாங்க."

சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் சிரித்துக்கொண்டு படி இறங்கிப் போனாள்.

பெரியப்பா வந்தார்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோகனின் பெரியப்பா ஸ்டூடியோவுக்கு வந்தார். சலவை வேட்டி, கையில் ஒரு டஜன் வாழைப்பழம். மறுநாள் சாயங்காலம் சந்தாபுரா வீட்டில் கேசட் போடப்போகிறார்கள், கல்யாணத்துக்கு வராத சொந்தமெல்லாம் அன்றைக்கு வருகிறது என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். தாலி கட்டுகிற மாதிரி ஒரு காட்சியைச் சேர்த்துவிட முடியுமா? முகம் தெரிய வேண்டாம். கை தெரிந்தால் போதும்.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். "உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமாம்மா?" என்று என்னிடம் கேட்டபோது அவர் குரலில் உண்மையான களைப்பு இருந்தது. எட்டு மாதமாக அந்த ஊர் வாய்க்குப் பதில் சொன்னவர் அவர்தான்.

தேவராஜ் அண்ணனுக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெரியவர் கேட்டதும் ஆச்சு, பிரான்சிஸ் கோட்டை விட்டதும் மறைந்தது. பெரியப்பாவை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினார். பழைய கேசட்டிலிருந்து ஒரு நல்ல கழுத்தாகப் பார்த்து எடுக்கச் சொன்னார்.

முடியாது என்றேன்.

முன்பு செய்தவள்தானே என்றார். செய்ததால்தான் முடியாது என்றேன். இந்தப் பெண் தாலியே வேண்டாம் என்று எட்டு மாதம் நின்றவள். அவள் கல்யாணத்திலேயே அவளுக்குத் தாலி கட்டிவிட்டால், கடைசியில் வளைந்துவிட்டாள் என்றுதானே சந்தாபுரா சொல்லும்? ஆயுசுக்கும் அவள் அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்?

"ஞாயித்துக்கிழமை பன்னெண்டு மணிக்கு கேசட் ரெடியா இருக்கணும். இல்லைன்னா சாவியக் குடுத்துட்டுப் போய்ட்டே இரு," என்றார் அவர்.

ஸ்டூடியோ சாவி என்னிடம்தான் இருந்தது. தினமும் முதலில் வந்து திறப்பவள் நான்.

வெள்ளைக் கோடு

அன்று சாயங்காலம் நேராக யசோதரா வீட்டுக்குப் போனேன். புதுப்பெண், அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன், செருப்பையும் சேர்த்து. அழுவாளோ என்று பயந்தேன். அவள் காலையில் எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

ஞாயிறன்று ஏழரைக்கு இரண்டு பேரும் அறைக்குள் இருந்தோம். தேவராஜ் அண்ணன் கோயிலுக்குப் போய்விட்டு வரப் பதினொன்றாகும். யசோதரா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள். நான் கேசட்டை ஓட்டினேன். உறுதிமொழி, மாலைத் தட்டு, ஜமக்காளம், செருப்பு.

"நிறுத்துக்கா. நடுவுல என்னமோ வெள்ளையா போச்சு."

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி ஓட்டினேன். இப்போதும் தெரியவில்லை. அவள் விடவில்லை. ஓடுகிற தையலில் ஒரே ஒரு தையல் தாண்டிப் போனால் கண்டுபிடிக்கிற கண் அது. நாளெல்லாம் அதுதானே வேலை. தட்டுக்கும் ஜமக்காளத்துக்கும் நடுவில்தான் என்று அடித்துச் சொன்னாள்.

அம்புக்குறியை அழுத்தினேன். ஒவ்வொரு படமாக நகர்ந்தது. கேமரா தோளிலிருந்து இறங்குகிற இடம். எல்லாம் இழுத்த கோடுகள். வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றும்போது கேமரா ஒரு கணம் அசையாமல் இருந்திருக்கிறது. அந்த ஒரு கணத்தில் ஆறு படம்.

ஆறாவதில் அவள் இருந்தாள். படம் முழுக்கச் சாய்ந்திருந்தது. ஓரத்தில் பிரான்சிஸின் கட்டைவிரல். ஆனால் வெள்ளைப் புடவையில் யசோதரா, இரண்டு கையிலும் மாலை, மோகனின் தலையைத் தாண்டித் தோளில் இறங்குகிற நேரம். அவன் தலை குனிந்திருந்தது. அவள் நிமிர்ந்திருந்தாள்.

கீழே பேக்கரியில் தட்டு இழுக்கிற சத்தம் கேட்டது.

பிறகு வேலையைப் பார்த்தோம். அந்தப் படத்தைத் தனியாக எடுத்தேன். சாய்ந்ததை நிமிர்த்தினேன், ஓரம் காலியானதால் கொஞ்சம் பெரிதாக்கினேன். திரையில் போட்டுப் பார்த்தால் மாலை நடுங்கியது. வீடியோவில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிக் கோடுகளாக இருக்கும். பொருள் அசையும்போது எடுத்த படத்தை நிறுத்தினால் இரண்டு பாதியும் மாறி மாறித் துடிக்கும். ஒரு பாதியை எடுத்துவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். எடுத்தேன். மாலை நின்றது.

இதயம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். ரோஜா? அதுவும் வேண்டாம். கட்டைவிரலை மறைத்துவிடலாமா என்றதற்குச் சிரித்துவிட்டாள். அது இருக்கட்டும், அப்போதுதான் யாரும் இதை ஜோடித்த படம் என்று சொல்ல மாட்டார்கள் என்றாள்.

கீழே என்ன எழுதுவது? வழக்கமான எழுத்தை அழித்துவிட்டு, 'யசோதரா மோகனுக்கு மாலையிட்டாள்' என்று டைப் அடித்தேன். ஐந்து வினாடிதான் ஸ்டூடியோ கணக்கு. நான் பத்து வைத்தேன்.

சாவி

மொத்தம் ஒன்றரை மணி நேரப் படம். அது கேசட்டில் ஏறி முடிகிற சமயத்தில் தேவராஜ் அண்ணன் நெற்றியில் குங்குமத்தோடு உள்ளே வந்தார். பின்னாலேயே பெரியப்பா. யசோதராவைப் பார்த்ததும் இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

அவள் குரலை உயர்த்தவே இல்லை.

"மாமா, தாலி வேணாம்னு நான் சொன்னது உங்களுக்கு வருத்தம்னு தெரியும். என்னைத் திட்டுங்க, கேட்டுக்கிறேன். ஆனா வேற ஒரு பொண்ணு கழுத்தைக் காட்டி எனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு சொல்லாதீங்க. நான் மாலை போட்டுக் கல்யாணம் கட்டிக்கினதே எல்லாரும் பார்க்கத்தான்."

பெரியப்பா ஜன்னலைப் பார்த்தார். அப்புறம், இதை எங்கே வேண்டுமானாலும் போட்டுக்கொள், சந்தாபுராவில் மட்டும் இன்றைக்கு வேண்டாம் என்றார்.

"அங்கதான் மாமா போடணும்," என்றாள். டெக்கிலிருந்து கேசட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கல்யாணப் பெண்ணின் கையிலிருந்து அவள் கல்யாணத்தையே யார் பிடுங்க முடியும்?

தேவராஜ் அண்ணன் என் பக்கம் கையை நீட்டினார். சாவியைக் கொடுத்தேன். அந்த நாற்காலியில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு நிமிஷம் என் குடை எங்கே என்று தேடினேன், கிடைத்தது, இறங்கிவிட்டேன். பயம் இருந்தது. வருத்தம் இருந்ததா என்று கேட்டால், இல்லை.

சந்தாபுரா

யசோதரா என்னை விடவில்லை. நீயும் வாக்கா என்று தன்னோடு பஸ்ஸில் ஏற்றிக்கொண்டாள். மோகன் ஷிஃப்ட் முடிந்து வந்திருந்தான். வீட்டுக் கூடத்தில் முப்பது பேர் இருப்பார்கள். பாயிலும் வாசல்படியிலும் ஜன்னலுக்கு வெளியிலும் தலைகள். என்னை யார் என்று கேட்டவர்களிடம் எங்க அக்கா என்று சொல்லிவிட்டாள்.

படம் ஓடியது. மண்டபம், வாசலில் வரவேற்பு, காலைச் சாப்பாடு, உறுதிமொழி. பெரியப்பா நாற்காலியை டெக்குக்குப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்திருந்தார். மாலைத் தட்டு வந்தது. யசோதரா மாலையை எடுத்தாள். படம் நின்றது.

இதயம் இல்லை, ரோஜா இல்லை, பாட்டும் இல்லை. மாலை மட்டும் அந்தரத்தில் நின்றது. ஒரு வினாடி, இரண்டு வினாடி. பெரியப்பா எழுந்துவிட்டார்.

"கேசட்டு மாட்டிக்கிச்சு," என்று டெக்கின் பொத்தானுக்குக் கையை நீட்டினார்.

நிஜமாகவே அப்படி நினைத்தாரா, நிறுத்த ஒரு சாக்கு கிடைத்ததா, எனக்கு இன்று வரை தெரியாது. யசோதரா உட்கார்ந்த இடத்திலிருந்து சொன்னாள்.

"மாட்டிக்கல மாமா. அது அப்படித்தான் நிக்கும்."

அவர் கை நின்றுவிட்டது. பின்னாலிருந்து மோகனின் அம்மா, அவர் மறைப்பதாகச் சொல்லித் தள்ளி நிற்கச் சொன்னார். எட்டு மாதமாக அந்த அம்மா வாயைத் திறந்ததே இல்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். பெரியப்பா ஓரடி நகர்ந்தார், ஆனால் உட்காரவில்லை. பாதி நீட்டிய கையோடு அவரும் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். முப்பது பேரும் பார்த்தார்கள், பிரான்சிஸின் கட்டைவிரல் உட்பட.

அப்புறம் படம் நகர்ந்தது. கைதட்டல் வந்தது, அது கேசட்டுக்குள் இருந்த கைதட்டல்தான்.

பத்து வினாடிதான் வைத்திருந்தேன். பதினைந்தாக வைத்திருக்கலாம்.